முப்பத்திரண்டாவது சாவு

கும்ஹெலிக்கில் எம்ரிஸ் என்ற பெயரில் நாலு பேர் இருந்தார்கள். தொழிலையும் சேர்த்துச் சொன்னால்தான் எந்த எம்ரிஸ் என்று விளங்கும். ரொட்டி எம்ரிஸ் பேக்கரி வைத்திருந்தார். கூரை எம்ரிஸ் மழை ஓய்ந்ததும் ஓடு மாற்ற வருகிறேன் என்பார். வேல்ஸில் மழை ஓய்வதாவது. கட்டைக்குரல் எம்ரிஸுக்குத் தொழில் என்று எதுவும் கிடையாது, சேப்பலில் அடித்தொண்டையில் பாடுவதையே அவருடைய தொழிலாக ஊர் ஏற்றுக்கொண்டிருந்தது. நாலாமவர்தான் நம்ம ஆள், சாவு எம்ரிஸ். அவர் நடிகர். டெலிவிஷனில் சாவார்.

வயது ஐம்பத்து மூன்று. இருபத்தெட்டு வருஷ நடிப்பில் முப்பத்தொரு தடவை செத்திருந்தார். இந்தக் கணக்கை வைத்திருந்தது அவரல்ல, தபால் ஆபீஸ் பிளோட்வென். கவுன்டருக்குப் பின்னால் பழைய காலண்டர் ஒன்றின் முதுகில் எழுதி மாட்டியிருந்தார்: சுட்டது பதினான்கு, குண்டு வெடித்தது ஆறு, மாடியிலிருந்து விழுந்தது நாலு, கத்திக்குத்து மூன்று, கடலில் முழுகியது இரண்டு, விஷம் ஒன்று, ஒட்டகம் மிதித்தது ஒன்று. புதிதாக ஒரு சாவு விழுந்தால், மறுநாள் காலையில் எம்ரிஸின் அம்மா ஓல்வென் தபால் தலை வாங்க வரும்போது துக்கம் விசாரிப்பார்.

"நேத்து உன் மகன் போயிட்டான் போலிருக்கே, ஓல்வென்."

"ஆமாடி. மாடியிலேர்ந்து."

"எத்தனாவது மாடி?"

"எண்ணலை. டீ போட எந்திரிச்சேன், அதுக்குள்ள விழுந்துட்டான்."

ஓல்வெனுக்கு எண்பத்தொரு வயது. பிளோட்வென்னும் அவரும் ஒரே வகுப்பு, ஒரே சேப்பல், ஒரே பெஞ்சு. எழுபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருந்தார்கள், அது இல்லாமல் இரண்டு பேருக்கும் பொழுது போகாது. ஆனால் இந்தச் சாவு விஷயத்தில் ஓல்வெனுக்கு உண்மையாகவே ஒரு வருத்தம் இருந்தது.

"சாகறதைப் பத்தி எனக்கு ஒண்ணுமில்லை," என்பார். "முப்பத்தொரு தடவை செத்திருக்கானே, ஒரு தடவையாவது யாராவது அழுதாங்களா? சனியன் ஒழிஞ்சுதுன்னு அடுத்த காட்சிக்குப் போயிடறாங்க. ஒரே ஒரு தடவை என் புள்ள டிவியில நம்ம ஊர்க்காரனா வரட்டும். அதைப் பாத்துட்டு நான் நிம்மதியா கண்ணை மூடுவேன்."

எம்ரிஸின் ஆசையும் அதுதான். அவர் அதை வெளியே சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவோமோ என்று பயம்.

கோளாறு அவருடைய முகத்தில் இருந்தது. அந்த முகத்தைச் செய்ய நாலு நாடு கூடியிருந்தது. அப்பாவைப் பெற்றவர் காசிம் முக்பில், ஏமனிலிருந்து வந்தவர். கப்பலின் அடிவயிற்றில் நின்று கரி அள்ளிப் போட்டுக்கொண்டே கார்டிஃப் துறைமுகத்துக்கு வந்து, இனி இந்த ஜென்மத்தில் கப்பல் ஏறமாட்டேன் என்று இறங்கியவர். அங்கே சாப்பாட்டு விடுதி நடத்திய மால்டாக்காரரின் மகள் கார்மெலா அவருக்குச் சூப் ஊற்றினாள். சூப்பு நன்றாக இருந்ததோ கார்மெலா நன்றாக இருந்தாளோ, கல்யாணமாகி யூசுப் பிறந்தார். யூசுப் வளர்ந்து பஸ் டிரைவராகி இந்தப் பள்ளத்தாக்குக்கு வண்டி ஓட்ட வந்தார். ஓல்வென் வேலைக்குப் போகிற வண்டி அது. ஓல்வென் தாமதமாக வந்தால் பஸ்ஸும் தாமதமாகக் கிளம்பியது. விஷயம் முதலில் பயணிகளுக்குத் தெரிந்தது, பிறகு ஊருக்கு, கடைசியில் ஓல்வெனின் அப்பாவுக்கு.

அப்பா ஹான்சென் சுரங்கத் தொழிலாளி, சேப்பல் பாடகர் குழுவின் தூண். வருங்கால மாப்பிள்ளையோடு இரண்டு வருஷம் பேசவில்லை. தினமும் அதே பஸ்ஸில்தான் ஏறுவார், ஏறுகிறபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பஸ்ஸில் சுவர் ஏது, ஜன்னல்தான், அதனால் எல்லாருக்கும் அவர் முகம் நன்றாகத் தெரியும். ஒரு பிப்ரவரியில் பனி கொட்டி சாலையெல்லாம் மூடிக்கிடந்தபோது, பெரிய பாட்டுப் போட்டிக்குப் போகவேண்டிய குழுவை ஏற்றிக்கொள்ள எந்த டிரைவரும் வரவில்லை. யூசுப் வந்தார். மலைமேல் ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய்ச் சேர்த்தார், குழு முதல் பரிசு வாங்கியது. திரும்பி வரும்போது ஹான்சென் எழுந்துபோய் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "தம்பி, நீ எந்தக் குரல் பாடுவே?" என்று கேட்டார். பெண் கொடுத்ததாக அர்த்தம்.

அந்த ஹான்சென் என்ற பெயரே வெல்ஷ் இல்லை. அவருடைய அப்பா சுரங்கத்துக்கு முட்டுமரம் கொண்டுவந்த நார்வே கப்பலில் தச்சர். இதை யாராவது ஞாபகப்படுத்தினால் ஓல்வெனுக்குக் கோபம் வரும். "நாங்க சுத்த வெல்ஷ். எங்கப்பா பாடி நீ கேட்டிருக்கியா?" என்பார். பாடுகிறவர் வெல்ஷ், அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

பிளோட்வென் ஒருமுறை தபால் தராசுக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்.

"ஏமன் கால், மால்டா கால், நார்வே அரைக்கால். மிச்சம் எட்டுல மூணு பங்குதான் வெல்ஷ், ஓல்வென்."

"துண்டு போட்டுக் குடுக்க என் மகன் என்ன கேக்கா?" என்றார் ஓல்வென். "எட்டுல மூணுன்னா அதுதானே எல்லாத்தையும் விட அதிகம்? மெஜாரிட்டி எங்களுது."

ஊருக்குள் இதெல்லாம் வேடிக்கைப் பேச்சு. கும்ஹெலிக்கில் எம்ரிஸ் எந்த ஊர்க்காரர் என்று யாரும் கேட்டதில்லை, பஸ் யூசுப்பின் பையன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை யூசுப் கார்டிஃப் போய்த் தொழுதுவிட்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை சேப்பல் வாசலில் குடையோடு நிற்பார், ஓல்வென் வாழ்நாளில் ஒரு குடை வாங்கியதில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் இறந்தபோது சேப்பல் பெண்கள் பதைபதைத்துக்கொண்டு வந்தார்கள். சாவு வீடு என்றால் பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச் என்று அவர்களுடைய கைக்குப் பழக்கம், நினைக்காமலே செய்துவிட்டார்கள். ஆறு தட்டு. வாசலில் ஓல்வென் மூடியைத் திறந்து பார்த்தார். "அடிப் பாவிகளா, அவர் எந்திரிச்சு வந்து கேப்பார்டி," என்றார். ஆறு பேரும் ஓடிப்போய்ப் பாலாடைக்கட்டி வைத்துக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு ஓல்வென் சிரித்துக்கொண்டே அழுதார்.

பள்ளத்தாக்கைத் தாண்டினால்தான் கேள்வி கிளம்பும். லண்டனில் முதல் வருஷம், நடிகர்கள் பெயர்ப் பட்டியலுக்காக ஒரு படிவம் கொடுத்தார்கள். எந்த எந்த நாட்டவராகத் தோன்றமுடியும் என்று கட்டம் கட்டமாக இருந்தது. எம்ரிஸ் நேர்மையாக நாலு கட்டத்தில் குறி போட நினைத்தார். வெல்ஷுக்குக் கட்டமே இல்லை, நார்வேக்கும் இல்லை. போட்ட குறி இரண்டு. வேலை வரவில்லை. அடுத்த வருஷம் பதினொரு கட்டத்தில் போட்டார். போன் அடிக்க ஆரம்பித்தது. அரபுக்காரர், துருக்கிக்காரர், பாகிஸ்தான்காரர், மெக்ஸிகோக்காரர், பெயரில்லாத ஏதோ ஒரு நாட்டின் ராணுவ அதிகாரி. ஒப்பனைக்காரர்கள் இரண்டு சுற்று கறுப்புப் பூசுவார்கள், அப்புறம் சுடுவார்கள்.

ஒருமுறை லண்டனில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிற இலங்கைத் தமிழராகக்கூட நடித்தார். அதற்காகப் பக்கத்து ஊர் பெட்ரோல் பங்க்கில் இருந்த சிவநேசனிடம் நாலு வாக்கியம் கற்றுக்கொண்டார். ஒளிபரப்பான மறுநாள் பெட்ரோல் போடப் போனவரிடம் சிவநேசன் வெகு மரியாதையாகச் சொன்னார்: "நல்லாத்தான் செய்தனீங்கள் அண்ணை. ஆனா எங்கட ஆக்கள் கத்திக்குத்து வாங்கேக்க 'ஐயோ அம்மா' எண்டுதான் கத்துவினம். நீங்கள் மடோன்னா எண்டு கத்திப் போட்டீங்கள்." பாட்டி கார்மெலா கொடுத்த வார்த்தை அது, மாதாவைக் கூப்பிடுவது, வலித்தால் தானாக வரும்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த இலையுதிர்காலத்தில் ஏஜென்டிடமிருந்து ஒரு செய்தி வந்தது. கார்டிஃபில் புதுத் தொடர் ஒன்று. பாத்திரம், தாஹிர், ஏமன் நாட்டுக் கடைக்காரர், ஒரு ரகசியம் உண்டு. எம்ரிஸுக்கு ரகசியம் என்னவென்று படிக்காமலே தெரிந்தது. வீட்டிலேயே நடித்து, போனில் படம்பிடித்து அனுப்பவேண்டும். இப்போதெல்லாம் அப்படித்தான். எதிரே நின்று போலீஸ் இன்ஸ்பெக்டரின் மறுவசனம் சொல்ல வீட்டில் ஓர் ஆள் வேண்டும். எம்ரிஸின் மனைவி போய்ப் பத்து வருஷமாகிறது, கனடாவில் ஒரு பல் டாக்டரோடு சௌக்கியமாக இருந்தாள். ஆக, ஓல்வென்தான் இன்ஸ்பெக்டர்.

சமையலறை. மாவு டின்மேல் கேக் டின், அதன்மேல் போன். ஓல்வென் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஞாயிறு பள்ளியில் வேத வசனம் படிக்கிற குரலில் ஆரம்பித்தார். இங்கிலீஷ் வசனத்தில் கெட்ட வார்த்தை வரும் இடத்திலெல்லாம் "ம்ம்" என்று சொன்னார்.

"அம்மா, 'ம்ம்' வேண்டாம். அப்படியே சொல்லு."

"எண்பத்தொரு வருஷமா சொல்லாததை அந்த இன்ஸ்பெக்டருக்காகச் சொல்லணுமா?"

நாலாவது தடவை எடுக்கும்போது முக்கியமான இடம் வந்தது. இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டி, "நீ எந்த நாட்டுக்காரன்? உண்மையைச் சொல்!" என்று கேட்கவேண்டும். ஓல்வென் தாளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், தாளைக் கீழே வைத்துவிட்டு வெல்ஷுக்கு மாறினார்.

"இது என்னடா கேள்வி? கும்ஹெலிக்னு சொல்லு."

"அம்மா, நீ இன்ஸ்பெக்டர். நான் தாஹிர்."

"இன்ஸ்பெக்டர்னா? அவனுக்கு வீட்ல அம்மா இல்லையா, மரியாதை சொல்லிக் குடுக்க? எத்தனை வருஷமா இதையே கேக்கறாங்க, நீயும் பல்லை இளிச்சுக்கிட்டு பதில் சொல்லிட்டிருக்கே!"

"நான் என்ன செய்யட்டும்? கட்டம் இல்லையே அம்மா! நமக்குன்னு ஒரு கட்டமே இல்லையே!"

இதைச் சொல்லும்போது எம்ரிஸின் குரல் உடைந்துவிட்டது. ஓல்வென் நாற்காலியை விட்டு எழுந்து காமிராவுக்கு முன்னால் வந்து, மகன் தாடையைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தில் ஒட்டியிருந்த ஜாமை ஏப்ரன் நுனியால் அழுத்தித் துடைத்தார். "சாப்பிட்டா வாயைத் துடைக்கணும். அது தெரியலை, நடிக்க வந்துட்டான்," என்றார்.

ஏழாவது தடவை எடுத்தது நன்றாக வந்தது. எம்ரிஸ் அதைத்தான் அனுப்பினார். அனுப்பியதாக நினைத்தார். போனது நாலாவது.

பத்து நாள் கழித்து, நடிப்பு இல்லாத நாளில் அவர் பார்க்கிற பார்சல் கொடுக்கிற வேலையில் ஒரு வீட்டு வாசலில் நாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. நடிகர்களைத் தேர்ந்தெடுக்கிற ஃபியோன் என்ற பெண்.

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், எம்ரிஸ். தாஹிர் வேஷம் உங்களுக்கு இல்லை. ஷெஃபீல்டுல நிஜ ஏமன்காரர் ஒருத்தர் கிடைச்சிட்டார்."

"நானும் ஏமன்தாங்க," என்றார் எம்ரிஸ். கொஞ்சம் யோசித்து, "கால்வாசி," என்றார்.

"அவர் முழுசு. அரபியெல்லாம் பேசறார்."

எம்ரிஸுக்கு அரபியில் தெரிந்தது ஒரு சலாமும், பஸ் சிக்கிக்கொண்டால் அப்பா சொல்கிற இரண்டு வார்த்தையும்தான். அந்த இரண்டும் தாஹிருக்குப் பயன்படாது. "பரவாயில்லைங்க," என்றார்.

"இருங்க, வைக்காதீங்க. நீங்க அனுப்பின வீடியோவில ஒரு அம்மா வந்து உங்க மூஞ்சியைத் துடைக்கறாங்களே. அந்த வெல்ஷ் யாருது?"

எம்ரிஸ் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். நாய் அவர் மடியில் ஏறியது. "அது... எங்கம்மா. அது எங்க வீட்டு மொழி. ஐயோ, அதையா அனுப்பினேன்?"

"நாங்க ஆபீஸ்ல மூணு தடவை போட்டுப் பார்த்தோம். இதே தொடர்ல ஒரு சேப்பல் மூப்பர் இருக்கார், எலிஸ் மோர்கன். பள்ளத்தாக்கு ஆள். ஊரே மதிக்கிற மனுஷன். கதையே அவரைச் சுத்தித்தான். செய்யறீங்களா?"

எம்ரிஸ் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "செய்யறேன்" என்றார். பார்சலை மறந்து வண்டியிலேயே திரும்பக் கொண்டுவந்துவிட்டார்.

அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஓல்வென் இருக்கும்போது ஊருக்குத் தனியாகத் தண்டோரா தேவையில்லை. பிளோட்வென் காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுலயும் செத்துடுவான், பாரு," என்றார்.

"கதையே அவனைச் சுத்தித்தானாம். கதைநாயகன் எங்கயாவது சாவானா?"

"பந்தயமா?"

"பந்தயம். ஒரு தட்டு வெல்ஷ் கேக். கடைசி வாரம் வரைக்கும் உயிரோட இருப்பான் என் புள்ள."

திரைக்கதை அடுத்த வாரம் வந்தது. எம்ரிஸ் முன்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தார். முதல் பக்கம், முதல் வரி: சேப்பலின் உள்ளே மூப்பர் எலிஸ் மோர்கனின் உடல் கிடத்தப்பட்டிருக்கிறது. அடுத்த பக்கம் புரட்டினார். அதற்கடுத்ததும் புரட்டினார். ஆறு வாரமும் எலிஸ் மோர்கனை யார் கொன்றது என்று ஊர் தேடுகிறது. வசனம் கிடையாது. எல்லா வீட்டுச் சுவரிலும் அவர் போட்டோ மட்டும் தொங்கும். ஃபியோன் சொன்னது ஒன்றும் பொய்யில்லை, கதையே அவரைச் சுற்றித்தான் நடந்தது. அவர்தான் நடமாட்டமில்லாமல் இருந்தார்.

"எத்தனை பக்கம் பேசறே?" என்று அடுப்படியிலிருந்து ஓல்வென் குரல் கொடுத்தார்.

"நிறைய... நிறைய இடத்துல வர்றேன் அம்மா," என்றார் எம்ரிஸ். நினைத்துப் பார்த்தால் அதுவும் பொய்யில்லை, போட்டோவாக வருகிறார்.

அன்றே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அடுத்த நாள் சொல்லலாம் என்று பார்த்தால் அம்மா ஒரு புதுத் தொப்பி வாங்கி வந்திருந்தார். அதற்கடுத்த நாள் இன்னும் மோசம். படமெடுக்கிறவர்களுக்கு நாலு குரலில் ஒழுங்காகப் பாடத் தெரிந்த சபை வேண்டியிருந்தது. கும்ஹெலிக் சேப்பலையே பேசி முடித்துவிட்டார்கள். சபை மொத்தமும் துணை நடிகர்கள். ஓல்வென் முதல் வரிசை. என்ன காட்சி என்று யாருக்கும் சொல்லவில்லை, கறுப்பு உடையில் வரச் சொன்னார்கள். சேப்பலுக்கு அவர்கள் எப்போதுமே கறுப்பில்தான் போவார்கள், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

படப்பிடிப்பு நாளில் எம்ரிஸ் விடிவதற்கு முன்னால் போய் ஒப்பனை நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பெண் வெள்ளைப் பவுடர் டப்பாவைத் திறந்தாள்.

"வெள்ளையா?" என்றார் எம்ரிஸ்.

"பிணத்துக்கு நிறம் இருக்கக்கூடாது சார்."

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவரை வெளுப்பாக்கினார்கள். கண்ணாடியில் பார்த்தால் தாத்தா ஹான்சென் சுரங்கத்துக்குப் போகாத நாளில் இருக்கிற மாதிரி இருந்தது. எம்ரிஸுக்கு அது பிடிக்கவுமில்லை, பிடிக்காமலும் இல்லை. சேப்பலில் சவப்பெட்டிக்குள் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். வாழ்நாளில் எத்தனையோ விதமாகச் செத்திருக்கிறார், இவ்வளவு பயந்துகொண்டு செத்ததில்லை.

சபை உள்ளே வந்தது. முதலில் கேட்டது பிளோட்வென்னின் குரல், டைரக்டர் ஓவெய்னை மிரட்டிக்கொண்டிருந்தது. "தம்பி, எங்க சேப்பல்ல பெட்டியைத் திறந்து வைக்கற வழக்கமே கிடையாது. மூடிடுங்க."

"மூடினா பாக்கறவங்களுக்கு உள்ள யாருன்னு தெரியாதே அம்மா."

"எங்களுக்குத் தெரியுமே. செத்தது யாருன்னு தெரியாமலா அடக்கத்துக்கு வருவோம்?" என்று எட்டிப் பார்த்த பிளோட்வென் அப்படியே நின்றுவிட்டார். "ஓல்வென்," என்றார், "இங்க வா."

ஓல்வெனின் செருப்புச் சத்தம் மரத் தரையில் மெதுவாக வந்து பெட்டியருகே நின்றது. எம்ரிஸ் கண்ணைத் திறக்கவில்லை. புதுத் தொப்பியின் கடை வாசனை வந்தது.

"டேய். நீ எப்ப சாவறே?"

"முதல் பக்கத்துலயே அம்மா," என்றது பிணம், உதட்டை அசைக்காமல்.

"பந்தயம் எனக்கு," என்றார் பிளோட்வென். ஆனால் அதில் சந்தோஷம் இல்லை. சொல்லிவிட்டு ஓல்வெனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

ஓல்வென் குனிந்து மகனின் டையைச் சரிசெய்தார். நிமிர்ந்து ஓவெய்னைக் கூப்பிட்டார்.

"இந்த ஆள் நல்லவனா, கெட்டவனா?"

"ரொம்ப நல்லவர் அம்மா. ஊருக்கே உபகாரி."

"எந்த ஊர்க்காரன்?"

"இந்த ஊர்தான். பரம்பரையா இங்கேயே."

"இவனுக்காக யார் அழறாங்க?"

"ஊரே அழுது. அதுக்குத்தானே உங்களையெல்லாம் வரச் சொன்னோம்."

"ஊரேவா?"

"ஊரேதான்."

ஓல்வென் மூக்கை உறிஞ்சினார். "சரி. அப்ப நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. எங்க ஆளை நாங்க அனுப்பி வைக்கறோம்," என்றார்.

ஓவெய்னுக்குத் தேவைப்பட்டது இரண்டு வரிப் பாட்டு, இருபது வினாடி. இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவராக இருந்தால் அப்படிக் கேட்டிருக்கமாட்டார். ஆர்மோனியம் சுருதி பிடித்தது. முதல் வரிசையில் பெண்கள் எடுத்தார்கள், பின்னாலிருந்து கட்டைக்குரல் எம்ரிஸ் தரைக்கடியிலிருந்து வருவதுபோல் சேர்ந்தார், ரொட்டியும் கூரையும் நடுவில் நிரப்பினார்கள். இரண்டு வரி முடிந்ததும் ஓவெய்ன் "கட்" என்றார். யார் காதிலும் விழவில்லை. சாவுப் பாட்டைப் பாதியில் நிறுத்துகிற வழக்கம் இங்கே கிடையாது. ஐந்து சரணமும் பாடி முடித்தார்கள். முடிந்தபிறகு, மனசு நிறையாததால், கடைசி நாலு வரியைத் திரும்ப எடுத்தார்கள். பிறகு இன்னொரு முறை, இன்னும் உரக்க. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிளோட்வென் பாடவில்லை, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார்.

எம்ரிஸ் அசையாமல்தான் கிடந்தார். அவர் தொழில் தெரிந்தவர், மூச்சைக்கூட வயிற்றுக்குள் ஒளித்துவைத்தார். ஆனால் மூடிய கண்ணுக்குள்ளிருந்து ஒரு சொட்டு கிளம்பி, வெள்ளைப் பவுடரில் கோடு போட்டுக்கொண்டு காதுக்குள் இறங்கியது. பின்னாலேயே அடுத்தது.

"கட்! பிணம் அழுது!" என்று ஓவெய்ன் அலறினார்.

ஒப்பனைப் பெண் ஓடிவந்து பூசினாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடி ஐந்து சரணம், மறுபடி பிணம் அழுதது. மூன்றாவது முறையும் அதேதான். "எம்ரிஸ் சார், உங்களுக்கு இது முப்பத்திரண்டாவதுன்னு சொன்னாங்களே, செத்துப் பழக்கமில்லையா?" என்று ஓவெய்ன் கெஞ்சினார்.

"இந்த மாதிரி பழக்கமில்லைங்க," என்றார் எம்ரிஸ்.

நாலாவது முறை, முதல் சரணத்தின் நடுவிலேயே ஓல்வென் பெஞ்சை விட்டு எழுந்தார். யாரும் எழச் சொல்லவில்லை. காமிரா ஓடிக்கொண்டிருந்தது. அவர் நேராகப் பெட்டிக்குப் போய், கைப்பையைத் திறந்து, பெரிய வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்தார். யூசுப்பின் கைக்குட்டை அது. அதை உதறி விரித்து மகனுடைய முகத்தின்மேல் போர்த்தினார். குனிந்து நெற்றி இருக்கிற இடத்தில் முத்தம் வைக்கிற சாக்கில் காதோரம் சொன்னார்:

"இப்ப அழுடா கண்ணு. ஒருத்தருக்கும் தெரியாது."

ஓவெய்ன் கட் சொல்லவில்லை. கைக்குட்டை நனைந்து நனைந்து மூக்கில் ஒட்டியது, சபை கடைசி வரிகளை மூன்று தடவை திரும்பப் பாடியது. அந்த ஒரு காட்சியைத்தான் பிறகு டெலிவிஷனில் முழுதாகப் போட்டார்கள். எம்ரிஸின் முகம் அதில் தெரியவே இல்லை.

முடிந்ததும் சேப்பலுக்குப் பின்னால் இருந்த கூடத்தில் எல்லாரும் டீ குடித்தார்கள். படக்காரர்கள் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள், யாரும் அதைத் தொடவில்லை. பெண்கள் அவரவர் பையிலிருந்து டப்பாக்களை எடுத்தார்கள். படப்பிடிப்புக்குக் கூப்பிட்டாலும் சேப்பலுக்கு வெறுங்கையோடு வருகிற ஜனமில்லை அது. பன்றி இறைச்சி ஒரு மேஜையில். எதிர் மூலையில் தனியாக ஒரு டப்பா, மேலே பிளோட்வென்னின் தபால் ஆபீஸ் எழுத்தில்: பாலாடைக்கட்டி, சாவு எம்ரிஸுக்கு, மற்றவர் தொடக்கூடாது.

ஓல்வென் ஒரு தட்டு வெல்ஷ் கேக்கைக் கொண்டுவந்து பிளோட்வென் முன்னால் வைத்தார். டீக்கு எல்லாருக்குமென்று முந்தின நாள் சுட்டது. "எடுத்துக்கோ. தோத்துட்டேன். காலண்டர்ல முப்பத்திரண்டுன்னு எழுதிக்கோ."

பிளோட்வென் தட்டைத் திருப்பித் தள்ளினார். அவர் மூக்கு இன்னும் சிவப்பாகவே இருந்தது. "எழுத மாட்டேன்," என்றார். "அது நாதியத்த சாவுக்கெல்லாம் போட்ட பட்டியல். இவனை நாம அழுது பாடி அனுப்பியாச்சு. இது அந்தக் கணக்குல சேராது. பந்தயமும் இல்லை, ஒண்ணுமில்லை, கேக்கை இங்க வை, சேர்ந்து திங்கலாம்."

எம்ரிஸ் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் வெள்ளையும் கண்ணீர்க் கோடுமாகத் திட்டுத்திட்டாகக் கிடந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. ஓல்வென் வந்து எதிரே நின்றார். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். யூசுப்பின் ஈரக் கைக்குட்டையை டீக்கோப்பையில் ஒரு முனை நனைத்து, நெற்றியிலிருந்து ஆரம்பித்து அழுத்தித் துடைத்தார். பவுடர் வழிந்து உள்ளேயிருந்து பழுப்பு நிறம் வந்தது, காசிமின் புருவம் வந்தது, கார்மெலாவின் மூக்கு வந்தது. ஓல்வென் ஓர் அடி பின்னால் போய் நின்று பார்த்தார்.

"ம். இப்பத்தான் நம்ம ஊர்க்காரன் மாதிரி இருக்கே," என்றார்.